கடைசிச் சிவப்புப் புள்ளி

“சாயங்காலத்துக்குள்ள அவனைத் தீர்த்துக் கட்டிடணும். இல்லேன்னா உங்களுக்கு லீவு கிடையாது,” என்று சொல்லிவிட்டு மேலதிகாரி டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

ஆபீசில் ஒட்டுப்பசை என்று பெயர் வாங்கியவர் எதிரே நின்று தலையாட்டினார். அவருடைய கழுத்து வலியே எதற்கெடுத்தாலும் தலையாட்டி வந்ததுதான் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

தீர்த்துக்கட்ட வேண்டியது ஆளை அல்ல, கம்ப்யூட்டருக்குள் நுழையும் ஒரு லாகின் கணக்கை. அவர்கள் வேலை பார்த்த செருப்புக் கம்பெனியின் தகவல் மொத்தமும் எங்கோ கிளவுடில், ஒரு பெரிய தரவுக் கிடங்கில் கிடந்தது. அதற்குள் யார் நுழைகிறார்கள், எதைத் தொடுகிறார்கள் என்று கண்காணிக்கப் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். ஆபீசில் அதற்கு வைத்த பெயர் கங்காணி.

கிடங்கையும் கங்காணியையும் இணைத்து வைப்பது ஒட்டுப்பசையின் வேலை. ஒட்டாத இரண்டை ஒட்ட வைத்தே காலம் தள்ளியதால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. கிடங்கும் கங்காணியும் மாதக்கணக்கில் சம்பந்திச் சண்டை போட்டன. இது அனுமதி கேட்டால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது இறங்கி வந்தால் இது கடவுச்சொல் தப்பு என்று முறுக்கிக்கொள்ளும். நடுவில் நின்ற ஒட்டுப்பசைக்குத்தான் முடி கொட்டியது.

ஒருவழியாக இரண்டும் பேசத் தொடங்கிவிட்டன. ஆனால் கங்காணி ஒரு கறார் பேர்வழி. உள்ளே வரும் ஒவ்வொரு கணக்கும் மனிதனா, மெஷினா என்று சொல்லியாக வேண்டும். மெஷின் என்றால் அதற்கு யார் பொறுப்பு என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்பு. எல்லாம் பச்சையாகிவிட்டது, ஒன்றைத் தவிர.

“இது மெஷின்தான் அண்ணா,” என்றாள் பக்கத்து சீட்டுப் பெண், திரையை எட்டிப் பார்த்து. “தினம் விடியக்காலைல வருது. முந்தின நாள் டெலிவரி அட்ரஸை எல்லாம் சரி பண்ணிட்டுப் போயிடுது. ஞாயித்துக்கிழமை கூட விடறதில்ல. மனுஷன்னா ஒரு நாளாவது வயித்து வலின்னு படுக்க மாட்டானா?”

அந்த நேரத்தில் ஒரு ஜீவன் வேலை செய்யும் என்பதையே ஒட்டுப்பசையால் நம்ப முடியவில்லை. விடியற்காலையை அவர் நேரில் பார்த்து வருஷக்கணக்காகிறது.

கணக்கு ஏதோ வெளி ஏஜென்சியின் பேரில் இருந்தது. எச்சரிக்கை மெயிலுக்குப் பதில் இல்லை. போன் போட்டால் பாட்டு மட்டும் பாடிக்கொண்டே இருந்தது.

“போன வருஷம் மட்டும் ஒரு வாரம் வரலையே?” என்றார் பழைய பதிவுகளைப் புரட்டியபடி. தேதியைப் பார்த்ததும் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. “எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த வாரம்மா இது! பாத்தியா, நான் ஆஸ்பத்திரில படுத்தா இங்க மெஷின் கூட ஓடாது.”

“உங்களுக்கு ஒரு சிலை வெச்சுடலாம் அண்ணா,” என்றாள் அவள். “முதல்ல லீவை வாங்குற வழியப் பாருங்க.”

போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, லீவு சரின்னுட்டாரா? இந்தத் தடவையும் கடைசி நிமிஷத்துல கை விரிச்சீங்கன்னா நான் தனியாவே போயி கடலைப் பார்த்துட்டு வந்துடுவேன்.”

“கிடைச்ச மாதிரிதான். ஒரே ஒரு வேலை பாக்கி.”

“எனக்கும் கொஞ்சம் இருக்கு. காலைல நேரம் இருக்காது, இன்னிக்கே உக்காந்து முடிச்சுடறேன். நீங்க சீக்கிரம் வாங்க.”

பெட்டி கட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னது. மகன் காலேஜுக்கே போய்விட்டான், கடல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

கணக்கை முடக்கும் பொத்தானை அழுத்தினார். கங்காணி உடனே காரணம் கேட்டது. தடுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் காரணம் காட்டப்படும் என்றும் சொன்னது.

“மெஷின் உக்காந்து படிக்கவா போகுது?” என்று அலுத்துக்கொண்டே, ‘யாரும் உரிமை கோராத இயந்திரம்’ என்று தட்டினார். சிவப்பு பச்சையானது. மேலதிகாரி லீவுக்கு ஒப்புதல் கொடுத்தார், தன் கிட்னியைக் கொடுப்பவர் போல.

ஒட்டுப்பசை வீட்டுக்குள் நுழைந்தபோது வாசலருகே இரண்டு பெட்டிகளும் தயாராக நின்றன. வருஷக்கணக்கான அலுப்பு முதுகிலிருந்து இறங்கிவிட்டது போலிருந்தது. “கிளம்பலாம்டி! எல்லாம் முடிஞ்சுது!” என்று கத்திக்கொண்டே அடுக்களைக்குப் போனார்.

மேடையின் ஓரத்தில், அவர் என்றோ கழித்துக்கட்டிய பழைய லேப்டாப் திறந்திருந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி மனைவி அதன்முன் உட்கார்ந்திருந்தாள்.

“நல்லவேளை வந்தீங்க. தினம் நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே ஏஜென்சிக்காரன் குடுத்த இந்த அட்ரஸ் வேலையை முடிச்சுடுவேன். இன்னிக்கு உள்ளயே விட மாட்டேங்குது,” என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள். “‘யாரும் உரிமை கோராத இயந்திரம்’னு போட்டிருக்கு. என்னையாங்க சொல்லுது?”