நாற்பது தகடு

பிரிவது என்று முடிவாகிவிட்டதால் இருவரும் சண்டை சச்சரவு இல்லாமல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி துணிகளை மடித்துக் கொடுக்க, கணவன் வாங்கி சூட்கேஸில் அடுக்கினான். ஸ்வெட்டர் மட்டும் மூன்று முறை உள்ளே போய் வெளியே வந்துவிட்டது. அதை வைத்தால் அவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது.

"நாப்பது தடவை நம்பியாச்சு. இனிமே எந்த முகத்தை வச்சுக்கிட்டு இன்னும் ஒரு தடவைன்னு கேக்கறது?" என்றாள்.

பதிலுக்கு அவன் அடுத்த துணிக்குக் கையை நீட்டினான். அந்த வீட்டுச் சட்டம் அப்படி.

இருவருக்கும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அவள் மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டரோடு, அவன் தரைத்தளத்தில் குடுவைகளோடு. கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வேலைப் பேச்சு எழுந்து, சண்டையாகி, சாப்பாடு ஆறி, இரண்டு நாள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அன்றோடு ஆபீஸ் பேச்சு செருப்போடு வாசலிலேயே நிற்க வேண்டும் என்று சத்தியம். இன்றுவரை மீறியதில்லை, அதில் இருவருக்கும் கொஞ்சம் பெருமைகூட.

இத்தனைக்கும் செய்வது ஒரே வேலைதான். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தால் அதை எரிபொருளாக வைத்து வண்டி ஓட்டலாம். அதற்கு மலிவான ஒரு உலோகத் தகடு வேண்டும், கொஞ்சம் மின்சாரம் கொடுத்தாலே அதிலிருந்து குமிழி கிளம்ப வேண்டும்.

எதோடு எதைக் கலப்பது என்று கையால் செய்து பார்த்தால் ஏழு ஜென்மம் போதாது. அதனால் அவள் இருநூறு கலவைகளை கம்ப்யூட்டரிலேயே அணு அணுவாகக் கட்டிப் பார்த்தாள். தண்ணீரைப் பிரிக்கச் சொன்னால் எது எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தாள். பட்டியல் கம்ப்யூட்டர் வழியாகவே கீழே போனது.

பதிலும் அதே வழியில் மேலே வரும். 'முதல் தகடு. குமிழி இல்லை.' 'இரண்டாம் தகடு. குமிழி இல்லை.' ஒன்றரை வருடத்தில் நாற்பது தகடு ஆயிற்று. ஆபீசில் அவனுக்குக் குமிழி என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. பாவம், ஒன்றைக்கூடக் கண்ணால் காணாத மனிதன்.

நேற்று தலைவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் சொன்னதில் ஒன்றாவது சரியாக இருந்தது என்று திங்கட்கிழமைக்குள் காட்டினால் தொடரலாம். இல்லையென்றால் வேலைக்கு மூடுவிழா. அவளை ஏழு மணி நேரம் விமானத்தில் போக வேண்டிய கிளைக்கு மூன்று வருடம் மாற்றிவிடுவார்கள். அங்கே குடுவைக்காரனுக்கு வேலை கிடையாது. இன்று சனிக்கிழமை.

ஸ்வெட்டர் நான்காவது முறை வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்குத் தாங்கவில்லை.

"இன்னிக்கு ஒருநாள் சட்டத்தைத் தள்ளி வைப்போம்" என்றான். "உன் கணக்கு மேல எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. என் கைதான் சரியில்லை."

அவன் கையில் ஒரு குறையும் இல்லை, கணக்குதான் எங்கோ உதைக்கிறது என்றாள் அவள். கொஞ்ச நேரம் இருவரும் பழியைப் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒன்றரை வருடத்தில் வேலையைப் பற்றி அவர்கள் இவ்வளவு பேசியது இப்போதுதான்.

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மனசு ஆறாமல் கேட்டாள்.

"அந்தச் செம்பும் டைட்டானியமும் கலந்த தகடு... அதைத்தான் நான் மலை மாதிரி நம்பியிருந்தேன். அதுலகூடவா ஒரு குமிழி வரல?"

"அதா? அது பட்டியல்ல அடியில கிடக்கு. அதுவரைக்கும் நான் இன்னும் போகவே இல்லை."

மடித்துக்கொண்டிருந்த துண்டு அவள் கையிலேயே நின்றது. பட்டியலில் மேல், கீழ் என்றெல்லாம் தான் எதுவும் வைக்கவே இல்லையே என்றாள்.

கலைந்து கிடந்ததைத் தான்தான் ஒழுங்குபடுத்தியதாக அவன் சொன்னான். எண்களுக்கு மேலே தலைப்பு எதுவும் இல்லையாம். அதனால் என்ன, பெரிய எண் முதலில், சின்ன எண் கடைசியில் என்று அடுக்கிக்கொண்டு, மேலேயிருந்து ஒவ்வொன்றாகச் செய்து வந்தானாம்.

"அதிக மார்க் வாங்கினதைத்தானே முதல்ல கூப்பிடணும்?"

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் வருவது அழுகையா சிரிப்பா என்று அவனுக்குப் புரியவில்லை.

"அது மார்க் இல்லப்பா, முரண்டு. நம்பர் பெருசா இருந்தா அந்தத் தகட்டுல குமிழி வராதுன்னு அர்த்தம்."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அதற்குள் அவள் எழுந்து சூட்கேஸைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டாள். அரை நாள் அடுக்கிய துணியெல்லாம் கட்டிலில் கொட்டியது. அவள் ஸ்வெட்டரைத் தேடி எடுத்து அலமாரியின் உள்ளே, ஆக அடியில் வைத்தாள்.

"திங்கக்கிழமை தலைவர்கிட்ட என்ன சொல்றது?" என்றான் அவன் ஈனஸ்வரத்தில்.

"கம்ப்யூட்டர் சொன்னதுல ஒண்ணாவது சரியான்னுதானே அவர் கேட்டார்? நாப்பதும் சரின்னு சொல்லு."