மேற்குச் சுவரின் மெடல்

வீட்டை வாங்க ஆள் வருகிறது என்றதும், வீட்டுக்காரர் தணிகாசலம் கூடத்தின் மேற்குச் சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்து, ஒரு பெரிய காலண்டரையும் மாட்டினார்.

மேற்குச் சுவருக்குத் தலைகால் புரியவில்லை. "மூணு சுவரை விட்டுட்டு எனக்குத்தான் மரியாதை, பார்த்தியா?" என்றது பல்லியிடம்.

"உனக்குப் பின்னாடி குளியலறை. உன்மேல ஒட்டினா என் வயிறு சில்லுங்குது. காலண்டர் எதுக்குன்னு யோசிச்சியா?" என்றது பல்லி.

"அது என் நெஞ்சில குத்தின மெடல். உனக்குப் பொறாமை!"

மறுநாள் வீடு பார்க்க வந்த ரெஜினா டீச்சர், மற்ற சுவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக மேற்குச் சுவரிடம் வந்தார். காலண்டரைத் தூக்கிவிட்டு, உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"இந்தச் சுவருக்கு மட்டும் ஏன் சார் புது பெயிண்ட்?"

தணிகாசலம் காலண்டரைச் சரிசெய்யக் கை நீட்டினார். அதற்குள் சுவரின் காரை ஒரு துண்டு பெயிண்டோடு பெயர்ந்து டீச்சரின் கையில் விழுந்தது. ஈரமான அந்தத் துண்டை அவர் தணிகாசலத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

எதிர்ச்சுவருக்கு ஓடிக்கொண்டிருந்த பல்லியை மேற்குச் சுவர் கூப்பிட்டது.

"ஏய், நின்னு பார்த்துட்டுப் போ! என்னைக் கையில ஏந்திக் காட்டுறாங்க!"