யல்லா

அரபு சினிமாவைப் பற்றிப் புத்தகங்கள் எழுதி, தானும் படங்கள் எடுத்த ஞானதுரைக்குப் பாராட்டு விழா. குவைத்தில் மாசிலாமணியும் அவனும் ஒன்றாகக் கம்பி சுமந்தவர்கள். விடுமுறை வெள்ளியில் மாசிலாமணி தூங்குவான். ஞானதுரை படத்துக்குப் போவான்.

"அவரு பேசுற அரபி பாட்டு மாதிரி இருக்கு. நீங்களுந்தான் அங்க கெடந்தீங்க, என்னத்தக் கத்துக்கிட்டீங்க?" என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி பூங்கனி.

"வசவுதான்." மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது. மறந்தும் கைதட்டிவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

மேடையில் ஞானதுரை, காதலன் காதலியை 'வா, போகலாம்' என்று அழைக்கும் பட வசனம் ஒன்றை உரக்கச் சொன்னான்: "யல்லா!"

கம்பியைத் தூக்கச் சொல்லிப் பழைய போர்மேன் அதே சொல்லைக் கத்தியதுபோல மாசிலாமணியின் உடம்பு விருட்டென்று எழுந்து நின்றது. அதைப் பார்த்து அரங்கமே எழுந்து கைதட்டியது. ஞானதுரை கண் கலங்க இவனைப் பார்த்துக் கும்பிட்டான்.