லொறி ஏறும் கணக்கு

"டீச்சர், உங்களை யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க! கல்விக் கந்தோர் பெரிய சேர் ஜீப்புல வந்து இறங்கிட்டாரு!"

மாணவி துஷ்யந்தி மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது, பத்தாம் வகுப்பு மொத்தமும் கம்ப்யூட்டரை மொய்த்துக்கொண்டு நின்றது.

கணக்கு டீச்சர் பிரசாந்தினி அவசரமாக ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. போன வாரம்தான் இதே வகுப்பு நிஷாந்தின் அம்மா விஜயலெட்சுமி பள்ளிக்கூட வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள். "விளையாடவாங்க புள்ளைய அனுப்புறோம்? மழையில நனைஞ்சு கொழுந்து பறிக்கிறது இதுக்குத்தானா?"

விளையாட்டுத்தான். பிரசாந்தினியே உருவாக்கிய கேம். உர மூட்டை ஏற்றிய லொறி ஒன்று பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு மலைப் பாதையில் ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணக்கு. விடை சரி என்றால் லொறி உறுமிக்கொண்டு ஏறும். பிழை என்றால் பின்னால் உருளும்.

கணக்கு என்றாலே காய்ச்சல் வந்த பிள்ளைகள், இப்போது கேட் திறக்குமுன்பே வந்து நிற்கிறார்கள். படிப்பை விட்டுவிட்டுக் கடைகளில் வேலைக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள். உள்ளதோ ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் கொப்பியில் கணக்கைப் போட்டுப் பார்த்து விடையைக் கத்துவார்கள்.

கல்வி அலுவலக அதிகாரி இத்ரூஸ் உள்ளே நுழைந்தார். பின்னால் அதிபர் இரகுநாதன்.

"என்ன டீச்சர் இது? கணக்குப் பாடத்துல கேம் விளையாடுறாங்கன்னு முறைப்பாடு வந்திருக்கு. வந்து பாத்தா உண்மைதான்!"

"சேர், இது வெறும் கேம் இல்ல சேர். எங்க அதிபருக்கும் தெரியும்..."

நம்பிக்கையோடு அதிபரைப் பார்த்தாள். அவர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

'தட்டிக் குடுத்தவரே இப்ப வாயைத் திறக்கலையே! சரியான பயந்தாங்கொள்ளி!' பிரசாந்தினி மனதுக்குள் திட்டினாள்.

"மூடுங்க அதை. இந்த அறையைப் பூட்டிடுங்க. நீங்க தூர மொனராகலைப் பக்கம் இடமாற்றத்துக்கு ரெடியா இருங்க!"



"சேர்..."

துஷ்யந்திதான். வெளியாள் முன்னால் வாயே திறக்காத பிள்ளை.

"மூடுறதுக்கு முன்னாடி ஒரேயொரு வளைவு மட்டும் நீங்க ஓட்டிப் பாருங்க சேர்."

அவருக்கு என்ன தோன்றியதோ, கம்ப்யூட்டர் முன்னால் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார். "ஒரு வளைவுதான்."

லொறி உறுமியது. திரையில் கணக்கு வந்தது. 2x − 6 = 10.

"ஹ்ம், இதென்ன பெரிய கணக்கு!" இரண்டு என்று தட்டினார்.

லொறி பின்னால் உருளத் தொடங்கியது.

"ஐயோ சேர்! கழிக்கிறது அந்தப் பக்கம் போனா கூட்டணும் சேர்!" வகுப்பே அலறியது. "எட்டு! எட்டு! பள்ளத்துல விழப்போகுது, சீக்கிரம்!"

பதறிப்போய் எட்டைத் தட்டினார். விளிம்பில் நின்ற லொறி ஒரு குலுக்குக் குலுக்கி மேலே ஏறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இருங்க, இருங்க, அடுத்ததை நானே போடுறேன். யாரும் சொல்லக்கூடாது!"

சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒரு வளைவு இரண்டாகி, இரண்டு நாலாகி, பாட மணி அடித்தும் யாரும் நகரவில்லை. கடைசி வளைவில் துஷ்யந்தி கொப்பியில் விடையைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவரும் அதே விடையைத் தட்ட, லொறி அப்புத்தளைக்குள் நுழைந்தது. வகுப்பறை அதிர்ந்தது. இத்ரூஸ் சின்னப் பிள்ளை மாதிரி மேசையைத் தட்டினார்.

"அடுத்து எங்க போகுது?"

"வெலிமடைக்கு சேர்! அங்க முக்கோணம், வட்டமெல்லாம் வர்ற கேத்திர கணிதம்!"

அவர் சிரித்தார். பிறகு திரும்பி வகுப்பை ஒருமுறை பார்த்தார்.

"இத்தனை பேருக்கும் இந்த ஒரு கம்ப்யூட்டர்தானா?"

யாரும் பதில் சொல்லுமுன் போனை எடுத்தார். "ஸ்டோர்ல பெட்டி பிரிக்காமக் கிடக்கிற கம்ப்யூட்டர்களை இன்னைக்கே இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க. ஆமா, இன்னைக்கே!"

பிள்ளைகள் போட்ட கூச்சல் தெமோதரை ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். "மாற்றமெல்லாம் மறந்துடுங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டு இத்ரூஸ் கிளம்பினார்.

ஜீப் வளைவில் மறைந்ததும், பிரசாந்தினியால் அடக்க முடியவில்லை.

"அந்த விஜயலெட்சுமியக்காவைக் கூட மன்னிச்சிடுவேன் சேர். விஷயம் தெரியாம முறைப்பாடு பண்ணிட்டாங்க. ஆனா நீங்க? எனக்காக ஒரு வார்த்தை பேசலையே!"

அதிபர் இரகுநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் கதைச்சிருந்தால் அந்தாள் என்னோடையே கதைச்சுப்போட்டுத் திரும்பியிருப்பார், டீச்சர். பிள்ளையளைப் பாத்திருக்க மாட்டார். அதோட, அந்த மனுசியை ஏன் திட்டுறியள்? அவ முறைப்பாடு செய்யேல்லை."

"அப்ப யாரு சேர்?"

"கம்ப்யூட்டர் தாங்கோ எண்டு வருசக்கணக்கா கல்விக் கந்தோருக்கு நடையா நடந்தன், ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. 'பள்ளிக்கூடத்தில பிள்ளையள் கேம் விளையாடுதுகள்' எண்டு நேற்றுப் பின்னேரம் பேர் சொல்லாமல் ஒரேயொரு போன் கோல்தான் எடுத்தன், விடியவே ஜீப்பில வந்து நிக்கினம்!"