சில்வர் ஓக் வளைவில் கொதிக்கும் ஜீப்

ஆறு ஐம்பதுக்குச் சில்வர் ஓக் வளைவு வந்தது. சித்தன் ஜீப்பை ஓரங்கட்டினான்.

"கொதிக்குதுங்க. பத்து நிமிசம் ஆறட்டுங்க."

வண்டி கொதித்ததோ இல்லையோ, முன் சீட்டிலிருந்த பாக்கியநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எஸ்டேட் ரைட்டர் அவர். ஏழரை மணிக்கு வேலைக்கு வந்த ஆட்களைக் கணக்கெடுத்துப் பேர் போட வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்களும் அவரிடம் பேர் கொடுக்கிற ஆட்கள்தான். செம்மநத்தத்திலிருந்து எஸ்டேட்டுக்கு முக்கால் மணி நேரம். அதில் பத்து நிமிஷம் தினமும் இந்த வளைவுக்குத் தண்டம். பத்து மாசமாக இதே கூத்து!

"ஏம்ப்பா சித்தா, ரேடியேட்டர்ல என்னத்தை ஊத்தறே?"

"ஊத்தறதை ஊத்தறேனுங்க."

"வெறும் தண்ணியைத்தான் ஊத்துவே, வேறென்ன? கிணத்துத் தண்ணியில உப்பு இருக்கும். உள்ளாற துரு ஏறும். துரு உதிர்ந்து குழாயை அடைக்கும். அடைச்சா கொதிக்காம என்ன செய்யும்? கூலன்ட் ஊத்தணும்ப்பா. பாதி கூலன்ட், பாதி பேட்டரிக்கு ஊத்தற தண்ணி. துரு கிட்டவே வராது."

ரைட்டருடைய மருமகனுக்குச் சேலத்தில் கார் ஷோரூமில் வேலை. மருமகன் சொன்னால் இவருக்கு வேதவாக்கு.

"நொம்ப சரிங்க" என்றான் சித்தன். பானட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

"மூடியைத் தொறந்துதான் பாரேன்!"

"சூட்டுல தொறந்தா மூஞ்சி வெந்துருமுங்க."

இதையும் மருமகன் சொல்லியிருந்தான். ரைட்டர் கீழே இறங்கினார். நின்றதுதான் நின்றோம் என்று, வழக்கம்போல மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்து ஏறிக்கொண்டார். சர்க்கரை வியாதிக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக ஏற்காடு கடைவீதிக்குப் போனார். கையில் சொந்தக் காசில் வாங்கின கூலன்ட் கேன். ஜீப்பின் சொந்தக்காரர் பஷீர் அகமதுவின் கடை வாசலில் சித்தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

விஷயத்தைக் கேட்ட பஷீர் எழுந்து வந்தார். எஞ்சின் ஆறிக் கிடந்தது. மூடியைத் திருகி எடுத்தார்.

உள்ளே விளிம்பு வரைக்கும் பச்சையாகக் கூலன்ட் தெளிந்து நின்றது. விரலை விட்டு எடுத்துத் தன் வெள்ளைப் பனியனில் தேய்த்துக் காட்டினார். துருக்கறை மருந்துக்கும் இல்லை.

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா நானே பக்கத்துல நின்னு மாத்தறேனுங்க ரைட்டரே. கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு போனதில்லீங்க. இது கொதிக்க வழியே இல்லை."

"அப்போ இவன் பத்து மாசமாப் பொய் சொல்லியிருக்கான்!"

பஷீர் திரும்பினார். "எதுக்குடா நிறுத்துனே?"

"கொதிக்கிற மாதிரி தோணுச்சுங்க பாய்."

"தினமும் ஆறு ஐம்பதுக்குத் தோணுமா? பீடி குடிக்கவா?"

"இல்லீங்க."

"பின்னே?"

சித்தன் ரைட்டரின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் டயரைப் பார்த்தான்.

"சாவியைக் குடு. நாளையிலிருந்து நம்ம இன்னொரு டிரைவர் ஜாபெஸ் ஓட்டட்டும்."

"ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க பாய்..."

"அப்ப நிஜத்தைச் சொல்லு."

சித்தன் சாவியைக் கடை மேசையில் வைத்துவிட்டு நடந்தான். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டார் ரைட்டர்.

திங்கட்கிழமை. ஆறு ஐம்பதுக்கு வளைவு வந்தது, போயும் விட்டது.

"பாத்தீங்களா அய்யா, பத்து நிமிசம் மிச்சம்!" என்றான் ஜாபெஸ்.

ரைட்டர் பெருமையாகத் தலையாட்டினார். இன்னும் இரண்டு வளைவு தாண்டியதும் தலை ஆடவில்லை. பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும் அடிவயிற்றில் வந்து இடித்தது. எஸ்டேட் இன்னும் இருபது நிமிஷம். பின்னால் ஐந்து பெண்கள். பேர் போடும்போது அவர் அதட்டினால் நடுங்குகிறவர்கள். அவர்கள் காதுபட எப்படி வாய்விட்டுக் கேட்பது?

"ஜாபெஸ்... கொஞ்சம் நிறுத்தேன். வண்டி சூடாயிருக்கும்."

"இல்லீங்கய்யா. சூடு காட்டற முள்ளு நடுவுலயேதான் நிக்குது. கூலன்ட் நொம்ப நல்லா இருக்குதுங்களே!"

ரைட்டருக்கு வியர்த்தது.

பின்னாலிருந்து கண்ணாயி தகரத்தைத் தட்டினாள். "நிறுத்து கண்ணு. கொதிக்குது."

"எங்கக்கா கொதிக்குது?"

"கொதிக்குதுன்னா கொதிக்குது. எறங்கி பானட்டைத் தூக்கு" என்றாள் புஷ்பலதா. மற்ற மூவரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ஜீப் நின்றது. ஐந்து பேரும் இறங்கி, யாரும் சொல்லாமலே மேட்டுப் பக்கமாகத் திரும்பி நின்று, மழை வருமா வராதா என்று பேச ஆரம்பித்தார்கள். ரைட்டர் மரங்களுக்குப் பின்னால் ஓடினார்.

அங்கே நிற்கும்போது ஜாபெஸ் கேட்டது காதில் விழுந்தது. "என்னக்கா, வண்டியில ஒண்ணுமே இல்லையே?"

கண்ணாயி குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் கேட்டது.

"உனக்குத் தெரியாது சாமி. சக்கரை வந்த மனுசன். தவிச்சாலும் வாயைத் தொறந்து கேக்க மாட்டாரு. அதான் கொதிக்குதுன்னு சொல்லி நிறுத்துன்னு சித்தன்கிட்ட நாங்கதான் பேசி வச்சோம். அவருக்குத் தெரிஞ்சா கூசிப் போயிருவாரு. நீயும் மூச்சு விடாதே."

ரைட்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைவிட, சாவியை வைத்துவிட்டுப் போன சித்தனை நினைத்தால் நெஞ்சு தாங்கவில்லை. அங்கேயே நின்று போனை எடுத்தார்.

"பாய், சித்தனையே திரும்ப வரச் சொல்லுங்க. வண்டி கொதிக்குது."

"கூலன்ட் இருந்தாக் கொதிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கொதிக்குதுங்க பாய்" என்றார் ரைட்டர். "நானே பக்கத்துல நின்னு பார்த்தேன்."