முந்தின லோடு

அன்று எண்ணெய் ஆலையின் லோடு ஏற்றும் இடத்தில் இருந்தவர்கள் ஐந்தே பேர். டாங்கர் லாரியின் சொந்தக்காரனான என் தம்பி, அவனுடைய டிரைவர், ஆலையின் மேனேஜர், கேட் வாட்ச்மேன், டாங்கர்களைச் சோதிக்கும் வேலைக்கு அந்த வாரம்தான் சேர்ந்த ஒரு பெண். வேறு யாரும் இல்லை. கூடச் சேர்த்துப் பேசுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் டாங்கரின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் ‘பாப்பா’ என்று இருக்கும். தம்பி தன் மகளைக் கூப்பிடும் பெயர் அது. அதைப் பார்த்தாலே எந்த ஆலையும் கேட்டைத் திறந்துவிடும். அன்று அந்தப் பெண் மட்டும் டாங்கர் மேல் ஏறி, மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள்.

“முந்தின லோடு என்ன சார்?”

“சோப்பு கம்பெனிக்கு எண்ணெய். ஆவி விட்டுத் தேய்ச்சுக் கழுவியாச்சு. உள்ளே முகம் பாத்துத் தலை சீவிக்கலாம்.”

“சாப்பிடுற எண்ணெய் ஏத்தணும்னா, முந்தின லோடும் சாப்பிடுற பொருளா இருக்கணும் சார். அதான் ரூல்.”

“எண்ணெய்க்கு எண்ணெய்தானே! நான் என்ன ஆசிடா ஏத்தினேன்?”

அவள் இறங்கினாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில், பழந்துணி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு ஸ்பானரை எடுத்தாள். வால்வைக் கழற்றினாள். உள்ளேயிருந்த ரப்பர் வளையத்தைத் தம்பியின் மூக்கருகே நீட்டினாள். நாற்றம் மேனேஜர் வரைக்கும் வந்தது.

“டாங்கைக் கழுவினீங்க. இதை யார் கழுவுறது?”

வாட்ச்மேன் குறுக்கே வந்தான். “மேடம், இந்த வண்டி வந்தா நாங்க சல்யூட் அடிக்கிறதுதான் வழக்கம்.”

“அடிங்க. அடிச்சிட்டு கேட்டைத் திறந்துவிடுங்க, வண்டி வெளிய போகட்டும்.”

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “விடும்மா, பெரிய மனுஷன். இந்த ஒரு தடவை...”

“இது கைக்குழந்தைங்க பால்பவுடருக்குப் போற எண்ணெய் சார். நீங்க கையெழுத்துப் போடுங்க, நான் ஓரமா நின்னுக்கிறேன்.”

மேனேஜர் சட்டைப்பையைத் தடவினார். பேனா கையில் தட்டுப்பட்டது. எடுக்கவில்லை.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. லோடு ஏற்றாமல் வண்டி திரும்பினால் ஆலையின் ஒப்பந்தம் போய்விடும். அதை நம்பித்தான் எங்கள் வண்டி ஓடுகிறது.

“என் வண்டியைத் திருப்பி அனுப்புற கேட்டை இன்னும் எவனும் கட்டல!”

“கட்டியாச்சு சார். இதுதான்.”

“யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?”

“நல்லாவே தெரியும். உங்க அண்ணனே வந்து நின்னாலும் இதே பதில்தான்.”

அண்ணன் என்றது என்னை. டிரைவர் ஏனோ வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தம்பி மீசையைத் தடவியபடி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டிரைவரிடம், “வண்டியை எடுடா. வால்வு, ரப்பர் எல்லாத்தையும் மாத்து. இனிமே இதுல சாப்பாட்டு எண்ணெய் தவிர வேற எதுவும் ஏறாது” என்றான். நிமிர்ந்த தலையோடுதான் ஏறி உட்கார்ந்தான்.

வாட்ச்மேன் வாய் சும்மா இருக்குமா? எங்கிருந்தோ வந்த எவளோ ஒருத்தி எங்கள் குடும்ப மானத்தை கேட்டிலேயே வாங்கிவிட்டாள் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். வீட்டுக்கு மூத்தவன் நான் இருக்கிறேன். அதனால் ஒரே ஒரு முறை சொல்கிறேன்.

எவளோ ஒருத்தி இல்லை. வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் பாப்பா அவள்தான்.