பதினேழுக்குப் பச்சை

“டீச்சர், இல்லாத பிள்ளைக்கு எப்படி டீச்சர் பச்சை போட்டீங்க?”

கேட்டுவிட்டுப் பயிற்சியாளன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். திரையில் பாடம் காட்டுவது, டேப்லெட்டில் தேர்வு வைப்பது, வருகை போடுவது என்று பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவன் பிழைப்பு. இந்தப் பள்ளியில் மற்ற எல்லோரும் ஒரே நாளில் தேறிவிட்டார்கள். நான்காம் வகுப்பு டீச்சருக்காக மட்டும் இது நாலாவது நடை.

இத்தனைக்கும் அந்தம்மா மக்கு இல்லை. சற்று முன்புதான் திரையில் சூரியனைச் சுற்றிக் கோள்களை ஓடவிட்டு, பிள்ளைகளை வாய் பிளக்க வைத்தார். வருகைப் பதிவுக்கு வந்தால் மட்டும் வண்டி குடைசாய்ந்துவிடுகிறது.

“வகுப்புல இருக்கறது இருபத்தேழு தலை. நீங்க போட்டிருக்கறது இருபத்தெட்டு. பதினேழாம் நம்பர் எங்கே?”

சலசலத்துக்கொண்டிருந்த வகுப்பு சட்டென்று அடங்கியது. டீச்சர் டேப்லெட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இன்னிக்கு வரலை தம்பி.”

“வரலைன்னா சிவப்பு, வந்தா பச்சை. இதுல என்ன டீச்சர் கஷ்டம்? பச்சையை அமுக்கினா ‘உங்கள் குழந்தை பத்திரமாகப் பள்ளிக்கு வந்துவிட்டது’ன்னு வீட்டுக்கு மெசேஜ் போயிடும். பெத்தவங்க வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கும். சிவப்புன்னா ‘வரவில்லை, காரணம் தெரிவிக்கவும்’னு போகும்.”

“காரணம்னு என்னென்ன இருக்கு?”

“காய்ச்சல், வெளியூர், வீட்டு விசேஷம், மற்றவை.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன டீச்சர் வேணும்?” அவனுக்கு அழாத குறை. காலையில் தலைமை ஆசிரியையிடம் முறையிட்டுப் பார்த்தான். “எங்க யாருக்கும் அந்தம்மாகிட்ட சொல்ல வாய் வரலை, நீங்களே சொல்லிடுங்க” என்று அவரும் கைகழுவிவிட்டார்.

பிள்ளைகள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினான்.

“மதியம் எடுக்கற வகுப்பு போட்டோல ஒரு தலை குறையுது. இன்னியோட நாப்பது நாள். நீங்க பொய் வருகை காட்டறதா மேலிடத்துல எழுதி வச்சிருக்காங்க. இன்னிக்கும் திருத்தலைன்னா வேலையை விட்டே தூக்கிடுவாங்க டீச்சர்.”

டீச்சர் வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் கண் கொஞ்சம் தங்கியது.

“இந்த வகுப்பும் இல்லைன்னா நான் எங்கே தம்பி போவேன்?”

“அப்ப சிவப்பை அமுக்குங்க. பத்து மணிக்குப் பதிவு பூட்டிக்கும், மெசேஜும் போயிடும். அப்புறம் அந்தக் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது.”

விரல் சிவப்புக்கு மேலே வந்து நின்றது. இறங்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பத்தாக ஒரு நிமிடம்கூட இல்லை. அவனுக்கு மனசே விட்டுப்போயிற்று. இவ்வளவு அழகாகப் பாடம் நடத்துகிற மனுஷியின் பிழைப்பு, ஒரு பொத்தானை அமுக்கத் தெரியாமல், தன் கண்ணெதிரே போகப்போகிறது.

“குடுங்க டீச்சர், நானே போட்டுவிடறேன்.” பிடுங்காத குறையாக வாங்கி, சிவப்பை அமுக்கினான். “பாத்தீங்களா? முடிஞ்சுது. பிழைச்சீங்க!”

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

முன் பெஞ்சில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

“சார், அவனுக்குச் சிவப்பு போடாதீங்க சார். அவன் லீவுல செத்துப்போயிட்டான்.”

பயிற்சியாளன் டேப்லெட்டின் பக்கம் திரும்பினான்.

“ஐயோ, மெசேஜ் அவங்க அம்மாவுக்குப் போயிடுமே!” என்று பதறிப் பச்சையை அமுக்கினான். மறுபடி மறுபடி அமுக்கினான். மணி பத்து. பதிவு பூட்டிக்கொண்டுவிட்டது.

மேஜை மேலிருந்த டீச்சரின் போன் அதிர்ந்து, வெளிச்சம் காட்டியது. ‘உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை, காரணம் தெரிவிக்கவும்’ என்றிருந்தது. அதற்கு மேலே வரிசையாக, ஒரு நாள் தவறாமல், ‘உங்கள் குழந்தை பத்திரமாகப் பள்ளிக்கு வந்துவிட்டது.’